கரையாத சகலை

பட்டப்பகலில், பெரம்பலூர் பேருந்து நிலையத்தில், வடைக்கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, என் சகலையை நோக்கி வலது உள்ளங்கையை உயர்த்தி, "கரைஞ்சு போ" என்று நான் கட்டளையிட்டிருக்கிறேன்.

அவர் கரையவில்லை. கனத்த சரீரம். அப்படியே நின்றார்.

இந்தத் தொடரில் இதுவரை நான் ஒப்புக்கொண்ட அசட்டுத்தனங்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு சாக்கு இருந்தது. வயசு, வறுமை, நண்பர்கள். சென்ற வாரம் சொன்ன இரவல் கோட்டு விவகாரத்தில்கூடப் பாதிப் பழியைக் கோட்டின் மேல் போட முடிந்தது. இதற்குச் சாக்கே இல்லை. குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. கல்யாணமாகி, முன்பக்கம் வழுக்கை விழுந்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் சொந்தமாக மேசையும் நாற்காலியும் உள்ள மனிதன்.

நான் கனவு கண்டுகொண்டிருப்பதாக நம்பினேன். அவ்வளவுதான். எப்படி நம்பினேன் என்று சொல்வதற்கு அரியலூர் வரை போய்வர வேண்டும்.

தூங்கு, ஆனால் தூங்காதே

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே காலையில் தியான வகுப்பு நடக்கும். மேடையில் முந்தின கல்யாணத்தின் தெர்மக்கோல் அன்னங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். சமையல்கட்டிலிருந்து ஆறிப்போன சாம்பார் வாசனை வரும். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். அந்த மண்டபத்து ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்துத்தான் நாங்கள் மெய்ஞ்ஞானம் தேடினோம்.

நடத்தியவர் தணிகாசலம் சார். சிமெண்ட் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுவதும் தூங்காதே என்று தொழிலாளர்களை அதட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு, தூங்கு, ஆனால் தூங்காதே என்று எங்களை அதட்டினார்.

அவர் பாடம் எளிமையானது. நனவு, கனவு, சுழுத்தி என்று மனிதனுக்கு மூன்று நிலைகள். சுழுத்தி என்பது கனவுகூட எட்டிப்பார்க்காத ஆழ்ந்த தூக்கம். இந்த மூன்றையும் மாறாமல் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் துரியம் என்ற நான்காம் நிலை. பிடிப்பதற்கு வழி, உடம்பைத் தூங்க அனுப்பிவிட்டு அறிவை மட்டும் காவலுக்கு நிறுத்துவது.

"ஆலையில எல்லா மிஷினையும் நிறுத்திட்டாலும் கேட்டுல ஒரு வாட்ச்மேன் உக்காந்திருப்பான்ல. அவன் யாருன்னு கண்டுபிடிங்க" என்பார்.

பிறகு அவர் குரல் எங்கள் வலது கால் கட்டைவிரலில் தொடங்கி உறுப்பு உறுப்பாக மேலே ஏறும். என் நிலைமை விசித்திரமானது. வாட்ச்மேன் விழித்திருந்தால் மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மூக்கு நுனி அரித்தது. பக்கத்தில் படுத்தவரின் தலையெண்ணெய் மணத்தது. மதியச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. மிஷின்கள் நின்றால் வாட்ச்மேனும் சேர்ந்து தூங்கிப்போனான். இருவரையும் பிரித்துவைக்க என்னால் முடியவே இல்லை.

இத்தனைக்கும் அந்த வகுப்பிலேயே இந்த விஷயத்தைப் பற்றிப் படித்திருந்தவன் நான் ஒருவன். நூலகத்தில் வேதாந்த அலமாரியை முடித்துவிட்டுச் சித்தாந்த அலமாரிக்குப் போய், அங்கிருந்து மூளை அறிவியலுக்கு வந்தவன். தூக்கத்தைப் பற்றிப் படித்தே தூக்கத்தைத் தொலைத்தவன்.

பறந்தவரும் செருப்பைத் தேடியவனும்

ராஜாங்கம் என் மனைவி வசந்தாவின் தங்கை கணவர். குன்னத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருந்தார். உரத்த குரல், கழுத்து வரை பவுடர், யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்ற விசாரணை. என்னை "அண்ணே" என்பார். வசந்தாவுக்கு அவர் "தம்பி". நான் அவரை வாங்க போங்க என்று மரியாதையாக வைத்திருந்தேன். மரியாதை என்பது தள்ளி நிறுத்த நல்ல உபாயம்.

சகலை உறவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மாமனார் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டால், யார் இலையில் அப்பளம் பெரிது என்று ஓரக்கண்ணால் பார்க்காதவன் இன்னும் பிறக்கவில்லை. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மாமனார் வீட்டில், தீபாவளிக்குத் தீபாவளி, பெரிய அப்பளம் எந்த இலையில் விழுந்தது என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. என் இலையில் இல்லை.

அவரை வகுப்பில் சேர்த்துவிட்டதே நான்தான். என் ஆழம் என்ன என்பதைப் பக்கத்தில் படுத்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்.

முதல் நாளே, தணிகாசலம் சாரின் குரல் முழங்காலுக்கு வருவதற்குள் ராஜாங்கம் குறட்டைக்கு வந்துவிட்டார். கரும்பு ஏற்றிய டிராக்டர் மேட்டில் ஏறுகிற சத்தம். நான் கண்ணை மூடியபடியே மகிழ்ந்தேன். வகுப்புக்குப் போன இத்தனை வாரங்களில் எனக்குக் கிடைத்த முதல் ஆனந்தம் அதுதான்.

வகுப்பின் முடிவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அனுபவம் சொல்ல வேண்டும். ராஜாங்கம் முறை வந்தது.

"எல்லாம் கேட்டுச்சு சார். கொறட்டகூட கேட்டுச்சு. எவன்டா இது இப்படி வுடுறான்னு நெனச்சேன். பாத்தா நாந்தான்."

சிலர் சிரித்தார்கள். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன். தணிகாசலம் சார் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்தார்.

"கொறட்ட வுட்டது நீங்க. அதக் கேட்டது யாரு?"

"அதான் சார் தெரியல."

சார் கண்களை மூடிக்கொண்டார். வகுப்புக்கு என்னோடு வந்துகொண்டிருந்த வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நம்ம தம்பியைப் பாத்தீங்களா என்ற பெருமிதம் இருந்தது. என்னைப் பற்றிய பெருமிதத்தோடு அவள் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு வாரா வாரம் அவருக்கு ஏறுமுகம். ஒரு ஞாயிறு ரஞ்சன்குடி கோட்டைக்கு மேலே பறந்ததாகச் சொன்னார். "கனவுன்னு நல்லாவே தெரிஞ்சுது சார். கீழ பாத்தா ஒரே பருத்திக்காடு. சரி, வந்தது வந்தோம், காய்ப்புழு வுழுந்திருக்கான்னு எறங்கிப் பாத்தேன்."

"இருந்துச்சா?" என்று எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி அக்கறையாகக் கேட்டார்.

இன்னொரு ஞாயிறு அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "இன்னிக்கு ஒண்ணுமே இல்ல சார். கனவும் இல்ல. ஆனா ஒண்ணும் இல்லங்கறது மட்டும் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

நான் அலமாரி அலமாரியாகப் படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான். அதைச் சொல்வதற்கான தகுதிக்காக நான் இரவு உணவைக் குறைத்திருந்தேன். வெங்காயத்தை விட்டிருந்தேன், அதுவும் சின்ன வெங்காயம் விளைகிற பெரம்பலூரில். இந்த மனிதர் நெய்ப்பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வந்து, ஏப்பத்துக்கு நடுவில் அதைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

என் முறை வரும்போது நான் என்ன சொல்வது? எனக்கு ஒரே ஒரு கனவுதான் வரும். ஏதோ ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறேன், செருப்பைக் காணோம், தேடுகிறேன். அது கனவு என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் செருப்புக்காக வருந்திக்கொண்டிருப்பேன்.

எழுத்து மாறினால்

இந்த நிலைமையில் தணிகாசலம் சார் ஓர் அறிவிப்புச் செய்தார். பெரம்பலூரிலும் ஒரு வகுப்புத் தொடங்கப் போகிறார். அதை நடத்த எங்களில் ஒருவரை அடுத்த ஞாயிறு சொல்வார்.

பெரம்பலூரில் இருப்பவன் நான். படித்தவன் நான். எந்த வேட்டி என்பதுவரை மனதுக்குள் எடுத்துவைத்துவிட்டேன்.

திரும்பி வரும் பேருந்தில் வசந்தா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "தம்பிக்குத்தாங்க குடுப்பாரு. அவரு மொகத்துல ஒரு களை வந்துருச்சு, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். அது பவுடர் என்று சொல்ல வந்து, நாக்கு நுனியோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வாரத்துக்குள் எப்படியாவது ஒரு கனவிலாவது விழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்குச் சார் ஏற்கெனவே ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார். பகல் முழுவதும், கண்ணில் படுகிற எழுத்தை ஒரு முறை படிப்பது, பார்வையை எடுப்பது, மறுபடி படிப்பது. கனவில் எழுத்து நிலைக்காது. இரண்டாம் முறை மாறியிருந்தால் அது கனவு. இந்தப் பழக்கம் பகலில் ஊறிவிட்டால் கனவிலும் தானாக வரும். கனவு என்று தெரிந்த பிறகு, பிடிக்காத உருவம் எது எதிரில் வந்தாலும் ஓடக்கூடாது. நேருக்கு நேர் நின்று, நீ நிஜமில்லை, என் நினைப்பு, கரைந்து போ என்று சொல்ல வேண்டும். கரைந்துவிடும்.

நல்ல பயிற்சிதான். ஆனால் எங்கள் பக்கத்துக்கு ஏற்ற பயிற்சி இல்லை. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் எந்தப் பலகையிலும் எழுத்து நிலைக்கவில்லை. திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டமானது. எல்லாப் பலகைகளையும் மாற்றி எழுதினார்கள். பிறகு எங்களிடமிருந்து அரியலூர் பிரிந்தது. மறுபடி எழுதினார்கள். பெயிண்ட் காய்ந்து கொஞ்ச காலத்துக்குள் அரியலூர் திரும்ப வந்து எங்களோடு சேர்ந்தது. பெயிண்டர் ஏணியை எங்கள் அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போவார், எப்படியும் வர வேண்டியிருக்கும் என்று. இந்தக் கதை நடந்த பிறகு அது மறுபடியும் பிரிந்தது. சாரின் இலக்கணப்படி பார்த்தால் எங்கள் மாவட்டமே ஒரு கனவு.

அந்த எச்சரிக்கை எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாரம் முழுவதும் சலூன் பலகை, மருந்துக்கடைப் பலகை, காலண்டர், மேலதிகாரியின் பெயர்ப் பலகை என்று எல்லாவற்றையும் இரண்டிரண்டு முறை படித்தேன். மேலதிகாரி தம் பெயரில் பிழை இருக்கிறதா என்று எழுந்துவந்து பார்த்தார்.

வசந்தா, "கண்ணு டாக்டர்கிட்டப் போயிட்டு வாங்களேன்" என்றாள்.

மறுபடியும் பேருந்து நிலையம்

அந்த ஞாயிறு வந்தது. முந்தின இரவு பொறாமையில் புரண்டு சரியாகத் தூங்கவில்லை. வசந்தா பூ வாங்கப் போனாள். நான் பேருந்துக்கு முன்னால் நின்றேன். தகரப் பலகையில் அரியலூர் என்று இருந்தது. பழக்கப்படி பார்வையை எடுத்து, வடைச்சட்டியைப் பார்த்தேன். எண்ணெயில் வடைகள் பொன்னிறமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மறுபடி பலகையைப் பார்த்தேன்.

துறையூர்.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படி ஒரு தெளிவை நான் அனுபவித்ததே இல்லை. வெயில் வெள்ளி மாதிரி இருந்தது. வடை வாசனை ஒவ்வொரு மிளகாகப் பிரிந்து வந்தது. இத்தனையும் என் மனம் செய்தது என்று நினைக்க எனக்கே என் மேல் மரியாதை வந்தது. கனவில் விழித்துவிட்டேன். ராஜாங்கம் பறந்த உயரத்துக்கு வந்துவிட்டேன்.

அவரை நினைத்தேன், அவர் வந்தார்.

குன்னத்தில் இருக்க வேண்டியவர் பெரம்பலூர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. முதுகில் வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பான், வாரெல்லாம் மாட்டி, சந்திரனில் இறங்குகிறவர் மாதிரி. கனவு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நான் ஓடவில்லை. கையை உயர்த்தினேன்.

"நில்லு."

நின்றார். "அண்ணே?"

"நீ நெசம் இல்ல. நீ என் பொறாமை. கரைஞ்சு போ."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அந்த எடம் எனக்குத்தான்டா வேணும். நான் எத்தன புஸ்தகம் படிச்சவன். நீ பொங்கலத் தின்னுட்டுத் தூங்குறவன். உனக்கு எப்படிடா தெரியும், ஒண்ணும் இல்லன்னு? வயிறு எரியுதுடா எனக்கு. பெரிய அப்பளம் எல்லாம் நீயே தின்ன. இதையும் நீயே தின்னணுமா? கரைஞ்சு போ."

தெளிப்பானின் குழாயிலிருந்து ஒரு சொட்டு அவர் செருப்பில் விழுந்தது. வடைக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "யாரு சார் அது, கடன்காரனா?" என்று பொதுவாகக் கேட்டார்.

இன்னொரு முறை, குரலை உயர்த்தி, "கரைஞ்சு போ" என்றேன்.

அப்போது என் முழங்கையை ஒரு கை பிடித்தது. ஈரப் பூவின் குளிர்ச்சி. வசந்தா. அதே நேரத்தில் கண்டக்டர் பேருந்தின் படியிலிருந்து கத்தினார்: "தொறையூர், தொறையூர். அரியலூர் போறவங்க அந்தப் பக்கம் போங்க. இந்த வண்டிய மாத்திட்டாங்க. போர்டத் திருப்பிட்டோம்ல, பாத்து ஏறுங்க."

காது மடல்கள் சூடாயின. சூடு கழுத்துக்கு இறங்கியது. கனவில் காது சூடாவதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"மெட்ராஸ் ஐ அண்ணே, அதான் கண்ணாடி" என்று ராஜாங்கம் மெதுவாகச் சொன்னார். "ராத்திரி இங்க ஒரு வியாபாரி வூட்டுல தங்கிட்டேன். மிஷினு ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன்."

அனுபவம்

அரியலூர் பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். நடுவில் நான். தெளிப்பான் அவர் மடியில். வசந்தா ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. வழியில் மக்காச்சோளக் காடுகள் வந்தன, போயின. பாதி வழியில் ராஜாங்கம், "மருந்து நாத்தம் வருதாண்ணே?" என்றார். இல்லை என்றேன். அதுதான் அந்தப் பயணத்தில் நாங்கள் பேசியது.

அவர் வகுப்பில் சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. இடம் போவது இருக்கட்டும். சார் முகத்தில், வகுப்பார் முகத்தில், முக்கியமாக வசந்தா முகத்தில் இனி நான் எப்படி விழிப்பேன்?

வட்டமாக உட்கார்ந்தோம். அவர் முறை வந்தது. எழுந்தார்.

"சார், இன்னிக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க அண்ணனுக்குத்தான் அனுபவம். அவரு வாயத் தொறக்க மாட்டாரு, நான் சொல்றேன். காலையில பஸ் ஸ்டாண்டுல, அத்தன கூட்டத்துல, எல்லாமே கனவுதான்னு தெரிஞ்சு நின்னாரு சார். என்னயப் பாத்து நீ நெசம் இல்லன்னாரு. நீ என் பொறாமைன்னாரு. நாமெல்லாம் படுத்தாத்தான் கனவு. அவருக்கு நின்னாலே வந்துருச்சு. பொறாமைன்னு வாய்விட்டு யாரு சார் சொல்லுவா? நானும் எத்தனையோ பேரப் பாத்து வயிறெரிஞ்சிருக்கேன், ஒருத்தன்கிட்டயாவது சொல்லியிருப்பனா?"

தணிகாசலம் சார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பெரம்பலூர் வகுப்பு எனக்கு.

ராஜாங்கம் அதை நிஜமாகவே நம்பினாரா, அல்லது என்னைத் தூக்கிவிட்டாரா? கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. பிறகும் நான் கேட்கவில்லை. கேட்டு, தூக்கித்தான் விட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் அதையும் தாங்க வேண்டும்.

பொறாமை தீர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அதுவரை அவருடைய தூக்கத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை. இப்போது அவருடைய மனசின் மேலும் வந்துவிட்டது. தூக்கத்தையாவது பயிற்சி செய்து பார்க்கலாம்.

முதல் வகுப்பு

பெரம்பலூரில் ஒரு டுடோரியலின் மாடியில் என் முதல் வகுப்பு நடந்தது. கஞ்சி போட்ட வேட்டி. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரும் படுத்தார்கள். குன்னத்திலிருந்து ராஜாங்கமும் வந்து முன்வரிசையில் படுத்தார்.

குரலைத் தாழ்த்தி, வலது கால் கட்டைவிரலில் தொடங்கினேன். நன்றாகவே போயிற்று. வலது தொடையிலிருந்து நேராக வயிற்றுக்கு ஏறிவிட்டேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது, என்னவென்று தெரியவில்லை. அடுத்து என்ன சொல்வது என்பதும் மறந்துபோயிற்று. மின்விசிறி மட்டும் சுற்றியது. அப்போது யாரோ லேசாகச் செருமி, இடது காலை ஒரு முறை அசைத்தார்கள். நினைவு வந்து, இடது காலுக்கு இறங்கி, அங்கிருந்து உச்சந்தலை வரை தடங்கலில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முடித்தபோது அறை முழுவதும் ஒரு நிறைவு இருந்தது. குருவாக இருப்பது இவ்வளவு சுலபமா என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. அவள் கொண்டுபோன போர்வையை உதறி மடித்தபடி சொன்னாள்:

"எனக்கு நல்லாத் தூக்கம் வந்துருச்சுங்க. நடுவுல ஒரு தடவ முழிச்சுப் பாத்தேன். தம்பிதான் பாவம், கண்ணே மூடல. நீங்க எங்கயாவது மறந்துட்டு நின்னா எடுத்துக் குடுக்கணும்னு உங்க வாயவே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."